20 டாலருக்குள் நல்ல ரெட் ஒயின்: ஆஸ்திரேலியாவின் வெயில் ஊர்களிலிருந்து எதை, எப்படி வாங்குவது

ஆஸ்திரேலியாவில் 20 டாலருக்குள் நல்ல ரெட் ஒயின் கிடைக்குமா என்றால், தாராளமாகக் கிடைக்கும். ஆனால் பாட்டில் ஷாப் என்கிற மதுக்கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுகிற பாட்டில் பெரும்பாலும் அதுவாக இருக்காது. வாசல் பக்கம் மலை மாதிரி குவித்து வைத்திருப்பது இந்த வாரம் எப்படியாவது தள்ளிவிட வேண்டிய சரக்கு. நாம் தேடுவது உள்ளே, முழங்கால் உயரத் தட்டில், விளம்பர அட்டை எதுவும் இல்லாமல் சும்மா நின்றுகொண்டிருக்கும். இங்கே புதிதாக வந்தவர்களுக்கும், ரெட் ஒயின் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். குடிக்காதவர்களைக் குடிக்க வைப்பது என் வேலை இல்லை, குடிக்கிறவர்கள் கொடுக்கிற காசுக்கு உருப்படியாகக் குடிக்கட்டும், அவ்வளவுதான்.

என் கட்சி இது: விலை குறைவாக வாங்கும்போது பேர்போன திராட்சையைத் தேடாதீர்கள், அந்த ஊர் வெயிலைத் தாங்குகிற திராட்சையைத் தேடுங்கள். 10 டாலர் கேபர்னே சாவிஞானும் 10 டாலர் மெர்லோவும் வாங்கிவிட்டு ஆஸ்திரேலிய ஒயினே இப்படித்தான் என்று முகம் சுளிக்கிறவர்கள், அதே விலைக்குக் கிடைக்கிற, வெயில் தாங்குகிற டூரிஃப், நீரோ டாவோலா மாதிரி திராட்சைகளை ஒருமுறைகூட எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெயிலுக்கும் விலைக்கும் என்ன சம்பந்தம்

குளிர்ப் பகுதிகளில், அதாவது டாஸ்மேனியா, யாரா வேலி போன்ற இடங்களில், ஒரு வருடம் மழை கெடுக்கும், ஒரு வருடம் பழம் முழுசாகப் பழுக்காது, காய்ப்பும் குறைவு. அந்தப் பாடெல்லாம் விலையில் ஏறிவிடும். கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில், முர்ரே ஆற்றங்கரையில் அந்தக் கவலை கிடையாது. மழை சொற்பம் என்பதால் பூஞ்சை நோய் குறைவு, தண்ணீர் ஆற்றுப் பாசனத்தில் வருகிறது, நிலம் சமதளம், இயந்திரமே பழத்தை உதிர்த்து எடுத்துக்கொண்டு போகிறது, அதுவும் பழம் சூடேறாமல் இருக்க ராத்திரியில். ஏக்கருக்குக் கிடைக்கிற பழமும் மிக அதிகம். இந்தப் பாசனம் நேற்று வந்ததில்லை. கலிஃபோர்னியாவில் பாசனக் குடியிருப்புகளை உருவாக்கிப் பழகிய ஜார்ஜ் சாஃபி, வில்லியம் சாஃபி என்ற கனடாக்காரச் சகோதரர்கள் 1887இல் ரென்மார்க்கிலும் மில்டுராவிலும் ஆரம்பித்து வைத்தது. இன்று ஆஸ்திரேலியாவின் பெரும்பங்கு ஒயின் திராட்சை முர்ரேயும் அதோடு சேரும் ஆறுகளும் தரும் தண்ணீரில்தான் விளைகிறது.

வெயிலுக்கு இன்னொரு முகமும் உண்டு. பழம் வேகமாகப் பழுத்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் நொதித்த பிறகு ஆல்கஹால் ஏறும், புளிப்போ கீழே இறங்கிவிடும். புளிப்பு இல்லாத ரெட் ஒயின் வாயில் மொத்தையாக, ஜாம் கரைத்த தண்ணீர் மாதிரி கிடக்கும். அதனால் இங்கே டார்டாரிக் அமிலம் சேர்ப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட, அன்றாட நடைமுறை. கைதேர்ந்தவர் சேர்த்தால் தெரியாது. அவசரத்தில் சேர்த்தால் நாக்கின் ஓரத்தில் தனியாக ஒரு கூர்மை தெரியும், இனிப்பும் புளிப்பும் ஒட்டாமல் நிற்கும். மலிவு ஒயினில் நமக்குப் பிடிக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். இன்னொரு காரணம் ஓக், அதாவது ஒயினை ஊறவைக்கிற பீப்பாயின் மரம். புது பிரெஞ்சு பீப்பாய் ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல் என்பதால் 10 டாலர் ஒயின் அதன் பக்கமே போக முடியாது, ஓக் பலகைகளையோ சீவல்களையோ தொட்டிக்குள் போட்டு வாசனை ஏற்றுவார்கள். தப்பில்லை, ஆனால் வெனிலா வாசனை மூக்கைத் துளைத்தால் பழத்தில் சரக்கு இல்லை என்று சந்தேகப்படலாம்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு நல்ல காலம், விளைவிக்கிறவர்களுக்குத்தான் கெட்ட காலம். சீனா 2021 மார்ச்சில் ஆஸ்திரேலிய பாட்டில் ஒயின்மீது 200 சதவீதத்துக்கும் மேல் வரை தீர்வை போட்டது. மிகப்பெரிய சந்தை ஒன்று மூடிக்கொள்ள, ரெட் ஒயின் தொட்டி தொட்டியாகத் தேங்கியது. 2024 மார்ச் கடைசியில் தீர்வையை எடுத்துவிட்டார்கள் என்றாலும் தேக்கம் உடனே கரையவில்லை, உள்நாட்டு ஷிராஸ் பழத்துக்கு உற்பத்திச் செலவுகூடத் தேறாத விலைதான் கிடைத்தது, கொடிகளை வேரோடு பிடுங்கிப்போட்டவர்களும் உண்டு. மலிவு பாட்டிலை எடுக்கும்போது இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஊர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா ஊரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆறேழு பேர் போதும்.

ரிவர்லேண்ட், தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ரென்மார்க், பெர்ரி, லாக்ஸ்டன், வைக்கரி எல்லாம் இதற்குள். நாட்டிலேயே அதிகத் திராட்சை இங்கேதான், ஆனால் பல காலமாக ஊர்ப் பேரே லேபிளில் வராது, பெரிய கம்பெனிகளின் கலவைக்குள் காணாமல் போய்விடும். கடந்த சில வருடங்களில் சிறு தயாரிப்பாளர்கள் கொஞ்சம் பேர் இந்த ஊர்ப் பேரைத் தைரியமாக முன்பக்கமே போடுகிறார்கள். ரிக்கா டெரா, டெலின்குவென்டே மாதிரி ஆட்கள் நீரோ டாவோலா, மான்டபுல்சியானோ என்று இத்தாலியின் திராட்சைகளை நட்டு, வாயில் கனக்காத, பழச்சுவை துள்ளுகிற ஒயின் செய்கிறார்கள். விலை 20 டாலரை ஒட்டி வரும். ரிவர்லேண்ட் என்று முன்பக்கம் போட்ட பாட்டிலைப் பார்த்தால் யோசிக்காமல் ஒன்று எடுங்கள். ஊர்ப் பேருக்கு மவுசு இல்லாதபோதும் அதைப் போடுகிறார் என்றால் உள்ளே இருப்பதில் அவருக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஆற்றோடு மேலே போனால் மில்டுராவைச் சுற்றி முர்ரே டார்லிங். இதுவும் அதே குணம். இத்தாலிய ரகங்களைத் தேடிக் கொண்டுவந்து நட்டுப் பரப்பியதில் சால்மர்ஸ் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ரிவரினா, நியூ சவுத் வேல்ஸில் கிரிஃபித் நகரைச் சுற்றி. இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பங்களின் ஊர். உலகம் முழுக்க விற்கிற யெல்லோ டெயில் இங்கே யெண்டா என்ற சின்ன ஊரிலிருந்துதான் வருகிறது. 2001இல் அமெரிக்காவுக்குப் போக ஆரம்பித்து அங்கே சந்தையையே புரட்டிப்போட்டது. அதைக் குறை சொல்கிறவர்கள் அதிகம், நான் சொல்ல மாட்டேன், நாக்கில் லேசாக இனிப்பு விட்டுச் செய்த, முதல் முறை குடிப்பவரைப் பயமுறுத்தாத ஒயின் அது. ஆனால் நீங்கள் இந்தக் கட்டுரையை இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால் அடுத்த படிக்கு வந்தாகிவிட்டது. அதே கிரிஃபித்தில் டி போர்டோலி, கலாப்ரியா குடும்பங்கள் செய்கிற டூரிஃபைத் தேடுங்கள். டி போர்டோலியின் 'டீன் வாட் 1 டூரிஃப்' பல வருடங்களாக மலிவு விலைக்காரர்களின் ரகசியச் சரக்கு, ரகசியம் என்று சொல்ல முடியாத அளவுக்குப் பலருக்கும் தெரியும்.

இந்த மூன்றும் உள்நாட்டு வெயில். அடுத்தது கடல் பக்கத்து வெயில். விலை ஒரு படி ஏறும், குணமும் ஏறும்.

மெக்லாரன் வேல் அடிலெய்டிலிருந்து தெற்கே 40 கிலோமீட்டருக்குள். பகலில் காய்கிற வெயிலைச் சாயங்காலம் கடல் காற்று ஆற்றிவிடும். ஷிராஸ் இங்கே கருப்புச் சாக்லேட் மாதிரி மணக்கும், ஆனால் என் ஓட்டு கிரெனாஷுக்கு. வயதான, கம்பி கட்டாமல் புதராக நிற்கும் கிரெனாஷ் கொடிகள் இங்கே நிறைய இருக்கின்றன, ஒரு காலத்தில் யாருமே சீந்தாத அந்தப் பழத்துக்கு இப்போது மவுசு கூடிவிட்டதால் ஒற்றைத் தோட்ட கிரெனாஷ் எல்லாம் 40, 50 டாலர் என்று போய்விட்டது. அதனால் நாம் கிரெனாஷ், ஷிராஸ், மட்டாரோ மூன்றும் சேர்ந்த கலவையைப் பிடிக்க வேண்டும். சுருக்கமாக ஜிஎஸ்எம் என்று எழுதியிருக்கும். டாரன்பர்க் 1912இலிருந்து இருக்கிற குடும்பக் கம்பெனி, அவர்களுடைய மலிவு வரிசைக்கு 'ஸ்டம்ப் ஜம்ப்' என்று பேர். யூகலிப்டஸ் மரங்களை வெட்டிய நிலத்தில் அடிக்கட்டையில் மாட்டாமல் துள்ளித் தாண்டிப் போகிற கலப்பை ஒன்றை 19ஆம் நூற்றாண்டில் இதே மாநிலத்தில் கண்டுபிடித்தார்கள், அந்தக் கலப்பையின் பேர்தான் பாட்டிலுக்கு.

பரோசா வேலியைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். 1840களில் வந்து குடியேறிய ஜெர்மன் லூதரன்கள் நட்ட ஊர், 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் லாங்மைல் தோட்டத்தில் இன்னும் காய்க்கின்றன. 1980களில் ரெட் ஒயின் விற்காமல் கிடந்தபோது கொடியைப் பிடுங்க அரசாங்கமே காசு கொடுத்தது, அதில் எத்தனையோ பழைய ஷிராஸ் போய்ச் சேர்ந்தது. அதற்குக் கொஞ்சம் முன்பு, விவசாயிகளின் பழத்தை வாங்காதே என்று வேலை பார்த்த கம்பெனியின் மேலிடத்து உத்தரவு வந்தபோது, அதை ஏற்காமல் பீட்டர் லீமன் தனியாக ஒயினரி ஆரம்பித்ததை ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பேரில் வருகிற அடிப்படை வரிசை பரோசா ஷிராஸும், 1849இலிருந்து ஒரே குடும்பத்திடம் இருக்கிற யலும்பாவின் 'கால்வே' ஷிராஸும் 20 டாலருக்குள் பரோசா சுவை எப்படியிருக்கும் என்று காட்டப் போதும். லேபிளில் 'பரோசா' என்று மட்டும் இருந்தால் பக்கத்தில் உயரமான, குளிர்ந்த ஈடன் வேலியின் பழமும் கலந்திருக்கலாம். அது குறை இல்லை, பல சமயம் நல்லதுதான்.

அடுத்தது லாங்ஹார்ன் கிரீக். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு ஊர் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் இதை எடுத்துக்கொண்டு போங்கள். அடிலெய்டுக்குத் தென்கிழக்கே, அலெக்ஸாண்ட்ரினா ஏரியை ஒட்டிய சமவெளி. பிற்பகலில் ஏரியிலிருந்து வரும் குளிர்காற்றுக்கு உள்ளூரில் 'லேக் டாக்டர்' என்றே பேர். பிளீஸ்டேல் ஒயினரி 1850இலிருந்து இருக்கிறது. வுல்ஃப் பிளாஸ் 1974, 75, 76 என்று மூன்று வருடம் தொடர்ந்து மெல்போர்ன் ஒயின் காட்சியின் ஜிம்மி வாட்சன் கோப்பையை அடித்ததற்குப் பின்னால் இருந்தது இந்த ஊர்ப் பழம், ஆனால் பேரும் புகழும் போனது கம்பெனிக்கு. இன்றைக்கும் பாதிப் பேருக்கு இந்த ஊர் எங்கே இருக்கிறதென்றே தெரியாது என்பதால் பரோசாவில் 25 டாலர் கேட்கிற தரம் இங்கே 16, 18 டாலருக்குக் கிடைத்துவிடும். ஷிராஸ், கேபர்னே, அப்புறம் மால்பெக், மூன்றும் நன்றாக வரும். வாயின் நடுவில் ஒரு மெத்தென்ற நிறைவு இருக்கும், துவர்ப்பு உறுத்தாது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விக்டோரியாவின் ரதர்கிளென் டூரிஃபுக்குத் தாய்வீடு, ஆனால் விலை 25ஐத் தாண்டும். ஹன்டர் வேலி சூடுதான் என்றாலும் ஈரக்காற்று, மேகம் எல்லாம் சேர்ந்து ஷிராஸை வாயில் கனக்காததாகத் தரும், சிட்னிக்காரர்கள் வார இறுதியில் போய்வந்தே விலையை ஏற்றிவிட்டார்கள்.

எந்தத் திராட்சை

ஷிராஸ் எல்லா விலையிலும் கிடைக்கும், எல்லா விலையிலும் சுமாரானதும் கிடைக்கும். 12 டாலருக்கு மேல், ஊர்ப் பேர் போட்டிருந்தால் எடுங்கள்.

டூரிஃபைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயப்படுகிறவர்கள் அதிகம். கிளாஸில் ஊற்றி வெள்ளைத் தாள்மேல் சாய்த்துப் பிடித்தால் நடுவில் கருப்பு, விளிம்பில்தான் ஊதா. பாட்டிலின் கழுத்தில் கறை, பல்லில் கறை, மேசையில் சிந்தினால் மேசையிலும் கறை. பழம் சின்னது, தோல் அதிகம், அதனால்தான் இந்த நிறமும் துவர்ப்பும். உள்நாட்டு வெயிலில் மற்றத் திராட்சைகள் தளர்ந்துபோகும்போது இது விறைப்பாக நிற்கும், புளிப்பையும் விடாது. குளிர்காலத்தில், ஆட்டிறைச்சியை மெதுவாக வேகவைத்த நாளில், 15 டாலர் ரிவரினா டூரிஃப் கொடுக்கிற திருப்தியை அதே விலைக்கு வேறு எதுவும் கொடுக்காது.

நீரோ டாவோலா சிசிலித் தீவின் பழம், வெயில் அதற்குப் புதிதில்லை, எவ்வளவு காய்ந்தாலும் புளிப்பைக் கையில் வைத்திருக்கும். மான்டபுல்சியானோ தாமதமாகப் பழுப்பது, நிறமும் புளிப்பும் இரண்டும் உண்டு. கிரெனாஷ் நிறத்தில் வெளிறியது, ஸ்ட்ராபெரி வாசனை, ஆல்கஹால் அதிகம் இருந்தாலும் துவர்ப்பு குறைவு, குளிரவைத்துக் குடிக்க அருமையானது. மலிவு மெர்லோவை விட்டுவிடுங்கள். உள்நாட்டு பினோ நுவாரையும் விட்டுவிடுங்கள், குளிர் தேசத்துப் பழத்தை அந்த வெயிலில் வைத்தால் அது என்ன செய்யும் பாவம்.

பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கம் ஓவியம், பின்பக்கம்தான் விஷயம்.

முதலில் ஊர். ஆண்டு, திராட்சை, ஊர் என்று லேபிளில் எது எழுதினாலும் உள்ளே குறைந்தது 85 சதவீதம் அதுவாக இருக்க வேண்டும் என்பது சட்டம், அதைக் கண்காணிக்கவும் செய்கிறார்கள், ஆகவே நம்பலாம். 'சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா' என்று போட்டிருந்தால் அது ஊரே இல்லை. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுக்க, தெற்கு ஆஸ்திரேலியாவிலும் குயின்ஸ்லாந்திலும் ஒரு பகுதி என்று நாட்டின் பெரும்பாலான திராட்சையும் அந்த எல்லைக்குள் வந்துவிடும். பல ஊர்ப் பழத்தைக் கலப்பது இங்கே மரியாதையான பழக்கம்தான், பென்ஃபோல்ட்ஸின் 'கூனுங்கா ஹில்' 1976 விளைச்சலிலிருந்து அப்படித்தான் வருகிறது. ஆனால் அறிமுகமில்லாத பேர், இந்தப் பெரிய எல்லை, 8 டாலர் மூன்றும் சேர்ந்தால் தட்டிலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்து பேர்களின் வரிசை. 'ஷிராஸ் கேபர்னே' என்றால் ஷிராஸ் அதிகம், 'கேபர்னே ஷிராஸ்' என்றால் கேபர்னே அதிகம். எது அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும்.

ஆண்டு. இங்கே அறுவடை ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, அதனால் 2023 என்றால் 2023இன் முதல் பாதியில் பறித்த பழம். 20 டாலருக்குள் வாங்குவதை இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்துவிடுவது உத்தமம், அலமாரியில் வைத்து வளர்க்கிற ஜாதி இல்லை இது. கழித்துக்கட்டும் விலையில் ஏழெட்டு வருடப் பழைய மலிவு பாட்டில் கிடந்தால் ஆசைப்படாதீர்கள்.

ஆல்கஹால் எண். 14.5 என்றால் இந்த ஊர்களுக்கு சாதாரணம். இங்கே சட்டம் ஒன்றரை சதவீதம் முன்னே பின்னே இருக்க இடம் கொடுக்கிறது, ஆக 14.5 என்று போட்டது உண்மையில் 16 ஆகவும் இருக்கலாம்.

பதக்க ஸ்டிக்கர். ஒயின் காட்சிகளில் 100க்கு 95ம் அதற்கு மேலும் தங்கம், 90லிருந்து வெள்ளி, 85லிருந்து வெண்கலம். பெரிய நகரங்களின் ராயல் ஷோ தங்கம் என்றால் மதிக்கலாம். பதக்கத்தில் இருக்கும் வருடம் பாட்டிலின் வருடத்தோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். யார் கொடுத்தது என்றே தெரியாத '95 புள்ளி' அட்டைக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

கடைசியாகத் தயாரிப்பாளர் முகவரி. பெரிய சங்கிலிக் கடைகள் தங்களுக்கென்றே லேபிள்கள் வைத்திருக்கின்றன, பேரைப் பார்த்தால் ஏதோ தாத்தா காலத்து குடும்ப ஒயினரி மாதிரி இருக்கும், இணையத்தில் தேடினால் அந்த ஒரு கடையைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. அந்த ஒயின் மோசமாகத்தான் இருக்கும் என்று இல்லை, ஆனால் '28 டாலர் சரக்கு இன்று 13 டாலர்' என்று போட்டிருந்தால் அந்த 28க்கு அது எப்போதாவது விற்றதா என்று யோசியுங்கள்.

எவ்வளவு விலை கொடுப்பது

பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி, லாரி, கடைக்காரர் லாபம், வரி எல்லாம் 8 டாலர் பாட்டிலுக்கும் 16 டாலர் பாட்டிலுக்கும் பெரிய வித்தியாசமில்லாமல் ஒரு தொகையைத் தின்றுவிடும், மிஞ்சுவதுதான் உள்ளே இருக்கிற ஒயினுக்கு. அதனால் 8இலிருந்து 14க்கு ஏறினால் தரம் தாவும், 30இலிருந்து 36க்கு ஏறினால் கண்டுபிடிப்பதே கஷ்டம். தினசரிக் குடிக்கு 12 முதல் 18 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பாட்டில் கலந்து எடுத்தால் பல கடைகளில் விலை குறையும், எடுத்ததும் ஒரே ரகத்தில் ஆறு வாங்காமல் ஆறு ஊர், ஆறு திராட்சை என்று எடுங்கள்.

லேபிளே இல்லாத மாதிரி வெள்ளைத் தாள் ஒட்டிய 'கிளீன்ஸ்கின்' பாட்டில்களும் இருக்கும். விற்காமல் தேங்கிய நல்ல ஒயினும் அப்படி வரலாம், யாருக்கும் வேண்டாததும் வரலாம். ஊரும் ஆண்டும் போட்டிருந்தால் ஒன்று வாங்கிப் பார்க்கலாம், பிடித்தால் அதே வாரம் போய் மீதியை எடுத்துவிடுங்கள், அடுத்த முறை இருக்காது.

பெட்டி ஒயினைக் கேவலமாக நினைக்காதீர்கள். பைக்குள் ஒயினை ஊற்றி அட்டைப்பெட்டிக்குள் வைக்கிற அந்த யோசனையே ரென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஆங்கோவ் 1965இல் காப்புரிமை வாங்கியது. ஊற்ற ஊற்றப் பை சுருங்குவதால் காற்று உள்ளே போகாது, திறந்து ஒரு மாதம் வரை தாங்கும். இரவில் ஒரே ஒரு கிளாஸ் குடிக்கிறவருக்கு பாட்டிலை விட இது லாபம். 4 லிட்டரை விட 2 லிட்டர் பெட்டி பொதுவாக ஒரு படி மேல், அடியில் தேதி இருக்கும், பார்த்து வாங்குங்கள். இது இவ்வளவு மலிவாக இருப்பதற்கு வரியும் காரணம்: பீருக்கும் விஸ்கிக்கும் உள்ளே இருக்கும் ஆல்கஹால் அளவுக்கு வரி, ஒயினுக்கோ மொத்த விற்பனை (ஹோல்சேல்) விலையில் 29 சதவீதம், ஆகவே விலை குறைந்தால் வரியும் குறைந்துவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த அறை ஐரோப்பாவின் அறை. அடிலெய்டில் ஜனவரி மாதம் சமையலறை 28 டிகிரி இருக்கும்போது 14.5 சதவீத ஷிராஸைத் திறந்தால் மூக்கில் சாராய நெடிதான் முதலில் ஏறும். குடிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வையுங்கள். 16, 17 டிகிரிக்கு வந்தால் அதே ஒயின் வேறு ஆளாகத் தெரியும், காசு செலவில்லாமல் தரம் ஏற இதைவிட வழி இல்லை. கிரெனாஷும் நீரோ டாவோலாவும் இன்னும் கொஞ்சம் குளிரலாம்.

திறப்பதற்குக் கருவி தேட வேண்டாம், பெரும்பாலும் திருகு மூடிதான். திருகு மூடி என்றால் மட்டம் என்ற எண்ணம் இங்கே செத்துப் பல வருடமாகிறது, 50 டாலர் பாட்டிலும் அப்படித்தான் வரும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். ஒரு சுற்றுச் சுழற்றி முகருங்கள். வாயில் வைத்துக் கொஞ்சம் உருட்டி விழுங்கிவிட்டு நான்கு விஷயம் கவனியுங்கள். விழுங்கிய பிறகு தொண்டையில் எரிகிறதா, அப்படியானால் ஆல்கஹாலுக்கு ஈடாகப் பழம் இல்லை. நாக்கு நுனியில் இனிப்பு நிற்கிறதா, அப்படியானால் சர்க்கரை மிச்சம் விட்டிருக்கிறார்கள். ஈறும் கன்னத்து உட்பக்கமும் இழுத்துப் பிடிக்கிறதா, அதுதான் துவர்ப்பு, தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது, அளவாக இருந்தால் கறிக்குச் சேரும். கடைசியாக, வாயில் ருசி எவ்வளவு நேரம் இருக்கிறது. பத்து எண்ணுவதற்குள் காணாமல் போனால் அது 10 டாலர் ஒயின், 18 கொடுத்திருந்தால் ஏமாந்தீர்கள். இதையெல்லாம் தனியாக ஒரு பாட்டிலில் கண்டுபிடிப்பது கஷ்டம், நண்பர்கள் வரும் நாளில் ஒரே விலையில் இரண்டைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். ஊர்ப் பேர் இல்லாத ஷிராஸ் ஒன்று, லாங்ஹார்ன் கிரீக் ஷிராஸ் ஒன்று, போதும்.

மிச்சம் இருந்தால் மூடியைத் திருகி ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். டூரிஃப் இரண்டாம் நாள் இன்னும் நன்றாகக் கூட இருக்கும்.

நம் சாப்பாட்டோடு

மிளகாய்க் காரமும் ஆல்கஹாலும் நாக்கில் ஒரே எரிச்சல் நரம்பைத்தான் தட்டுகின்றன. அதனால் செட்டிநாட்டுக் கோழிக்கு 15 சதவீத ஷிராஸ் என்பது எரிகிற கொள்ளியில் எண்ணெய். காரத்துக்குக் குளிரவைத்த கிரெனாஷ், இல்லாவிட்டால் நீரோ டாவோலா. மிளகும் கறிவேப்பிலையும் தூக்கலாக, மிளகாய் குறைவாகப் போட்ட மட்டன் சுக்காவுக்கும் கரியில் சுட்ட ஆட்டு விலாவுக்கும் ஷிராஸ் அபாரம். புளிக்குழம்பு, ரசம் பக்கம் எந்த ரெட் ஒயினையும் கொண்டுபோகாதீர்கள், இரண்டும் கெட்டுப்போகும்.

சைவம் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை என்று பலதும் பயன்படுத்துவார்கள். முட்டையும் பாலும் ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பதால் லேபிளில் வரும், மீன் பசைக்கு விலக்கு உண்டு. 'வீகன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து எடுத்தால் சந்தேகமே இல்லை, இப்போது மலிவு விலையிலேயே நிறைய வருகின்றன.

அளவு

பின் லேபிளில் ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்று ஒரு எண் இருக்கும். ஒன்று என்பது 10 கிராம் ஆல்கஹால். 14.5 சதவீத பாட்டிலில் 8.6 வரும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே வாரத்துக்கு 10க்கு மேல் வேண்டாம், ஒரே நாளில் 4க்கு மேல் வேண்டாம் என்பது இங்கே 2020இல் வெளியான தேசிய வழிகாட்டி, அதாவது வாரத்துக்கு ஒரு பாட்டிலும் கொஞ்சமும். வண்டி ஓட்டினால் ரத்தத்தில் 0.05க்குள் இருக்க வேண்டும், ஓட்டப் பழகுகிற எல் பிளேட்காரர்களுக்கும் புதிதாக உரிமம் வாங்கிய பி பிளேட்காரர்களுக்கும் பூஜ்யம். பரோசாவுக்கோ மெக்லாரன் வேலுக்கோ சுவைத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஓட்டுகிறவரை முன்பே முடிவு செய்யுங்கள். சுவைக்கும் மேசையில் துப்புவதற்கென்றே ஒரு ஜாடி இருக்கும், அதில் துப்புவது மரியாதைக் குறைவு இல்லை, ஒயின் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். கட்டணம் கேட்டால், பாட்டில் வாங்கினால் கழித்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள், பல இடங்களில் கழிப்பார்கள்.

ஊருக்கு எடுத்துப் போவது

இந்தியாவுக்குப் போகும்போது ஒருவர் தீர்வையில்லாமல் 2 லிட்டர் மது கொண்டுபோகலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர், மூன்றாவதை வைத்தால் எல்லை தாண்டிவிடும். இந்தியாவிலேயே வாங்கிக்கொள்ளலாமே என்றால், 2022 டிசம்பர் கடைசியில் அமலுக்கு வந்த இந்திய ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தில் 150 சதவீதமாக இருந்த இறக்குமதித் தீர்வை குறைந்தது உண்மைதான், ஆனால் அது இறக்குமதி விலை பாட்டிலுக்கு 5 அமெரிக்க டாலருக்கு மேல் உள்ளவற்றுக்கு மட்டும். 15 அமெரிக்க டாலரைத் தாண்டியவற்றுக்குச் சலுகை இன்னும் அதிகம். நாம் இங்கே பேசிய மலிவு ஒயினில் நிறைய அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும், அதன்மேல் மாநில வரியும் ஏறும். ஆகவே சட்டைகளுக்கு நடுவில் சுற்றி, பெரிய பெட்டியின் நடுவில் வைத்து எடுத்துப் போங்கள், கைப்பையில் வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துவிடுவார்கள். இரண்டு பாட்டில்தான் போகும் என்றால் ஒன்று லாங்ஹார்ன் கிரீக் ஷிராஸ், இன்னொன்று டூரிஃப். யெல்லோ டெயிலும் ஜேக்கப்ஸ் கிரீக்கும் அங்கேயே கிடைக்கிற பேர்கள், அதற்காக எடையை வீணாக்காதீர்கள்.